ஓவர் கொடுக்காமல் வார்டை விட்டுப் போகக் கூடாது

அந்த வகுப்பறை மின்விசிறி சுற்றும்போது டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கும் ஜெஸ்ஸி மேடம் ஆங்கிலத்தில் நடத்துகிற நர்சிங் பாடத்துக்கும் அப்போது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் காதுக்குள் போகும். இரண்டும் உள்ளே தங்காது.

ஆனாலும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசிக்கு முந்தின பெஞ்சில் தலை நிமிராமல் எழுதினேன். பார்க்கிறவர்கள் இந்தப் பொம்பளைக்குப் படிப்பில் என்ன அக்கறை என்று நினைத்திருப்பார்கள். மேடமும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஒரு நாள் நடத்திக்கொண்டே பக்கத்தில் வந்து என் நோட்டை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

நோட்டில் இருந்ததெல்லாம் தமிழ் எழுத்து. ‘தி ஹார்ட் ஈஸ் எ மஸ்குலர் ஆர்கன் விச்’ என்று ஒரு வரி அங்கேயே நின்றது. அடுத்த வரி ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்று தொடங்கி அதுவும் பாதியில் நின்றது. பக்கம் முழுக்க இப்படித்தான்.

“மேரி, இது என்னது?”

“காதுல விழுறத எழுதுறேன் மேடம். ஸ்பெல்லிங் யோசிச்சா அடுத்தது போயிருது.”

அவர் சிரிக்கவில்லை. கட்டப்பனைப் பக்கத்துக்காரர், அவருடைய தமிழில் கொஞ்சம் மலையாளம் ஓடும். “வீட்ல போயி வாசிச்சா புரியுமோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

புரியாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின வாரமே வாசித்துப் பார்த்திருந்தேன். நான் எழுதியதை நானே வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவமானம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரே பதில் சொல்லியாகிவிட்டது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நர்ஸ். டிப்ளமோ முடித்துவிட்டு உத்தமபாளையம், கம்பம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் இரவும் பகலுமாக வேலை பார்த்தவள். முப்பது வயதை நன்றாகத் தாண்டிய பிறகு, பட்டம் வாங்கியே தீருவது என்று தேனிக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் சவரிக்கு ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம். “போ, படி. நான் இங்கன பிள்ளையப் பாத்துக்கிறேன்” என்று அவர் சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கலாம். விடவில்லை. நேராகப் போய் மாதா கோயில் சாமியாரிடம் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ‘மேற்படிப்புக்குச் செல்லும் நம் சகோதரி ஆரோக்கியமேரிக்காக’ என்று மன்றாட்டு வைத்தார்கள். கோயில் நிறைய இருந்த சனம் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று ஒரே குரலில் பதில் சொன்னது.

அதன் பிறகு ஃபெயிலானால் நான் மட்டும் ஃபெயிலாக முடியாது. ஊரோடு சேர்ந்துதான் ஃபெயிலாக வேண்டும்.

தெரிந்த முகங்கள், தெரியாத கூட்டம்

வேடிக்கை என்னவென்றால், எனக்கு ஆங்கில வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. எடிமா, டையூரெட்டிக், பல்ஸ், டிரிப்ஸ் என்று காலையில் கண் விழித்ததிலிருந்து வாயில் வருவதெல்லாம் ஆங்கிலம்தான். ஒவ்வொன்றாக வந்தால் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஆனால் மேடம் பேசும்போது கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி மொத்தமாக வந்தார்கள். இது யார், எங்கே பார்த்தோம் என்று யோசிப்பதற்குள் ஆள் பந்திக்குப் போயிருப்பார்.

எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் காலத்தில் வாத்தியார் ‘நோட்ஸ் சொல்றேன், எழுதிக்கங்க’ என்பார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வார். நாங்கள் ஒரு எழுத்து விடாமல் எழுதுவோம். எழுதியதை மனப்பாடம் செய்வோம். அதைப் பரீட்சையில் கொட்டுவோம். அதனால் வகுப்பு என்றால் கைதான் வேலை செய்ய வேண்டும் என்று பழகிவிட்டது. காது சும்மா கையைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிற வேலையைத்தான் பார்த்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர்ஜகானின் முறை வேறு. அவள் உத்தமபாளையத்துக்காரி, அவளும் நர்ஸ், என்னைவிடச் சின்னவள். எழுதவே மாட்டாள். போனை மேசைமேல் வைத்துப் பாடத்தை அப்படியே பதிவு செய்துவிடுவாள். “வீட்ல நிம்மதியா கேட்டுக்கலாம்க்கா” என்பாள். அவள் போனுக்குள் ஒரு மாதத்து ஜெஸ்ஸி மேடம் அடைந்து கிடந்தார். ஒரு நாள்கூட அவள் திறந்து கேட்டதில்லை. பையனின் பிறந்தநாளுக்கு வீடியோ எடுக்க இடமில்லை என்று ஒரே அழுத்தில் அத்தனையையும் அழித்துவிட்டாள்.

முதல் இன்டர்னல் பரீட்சை வந்தது. இரண்டு பேரும் ஃபெயில்.

அடுத்த இன்டர்னலிலும் இப்படியே போனால் யுனிவர்சிட்டி பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான் நூர்ஜகானிடம் சொன்னேன். “நான் நிப்பாட்டிர்றேன்மா. நாளைக்குப் பிரின்சிபாலப் பாத்துச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

அவள் வாதாடவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். உத்தமபாளையத்தில் இறங்கும்போது மட்டும், “ஊர்ல என்னக்கா சொல்லுவீக?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சம்பந்தம் இருக்கிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அம்மா விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நிற்பாள். நானும் அண்ணனும் இரண்டாம் பூசைக்குப் போவோம். திரும்பி வந்ததும் அம்மா கேட்பாள். “பிரசங்கத்துல சாமி என்ன சொன்னாக?” சொன்னால்தான் தட்டில் கறிக்குழம்பு விழும். இரண்டு பூசைக்கும் ஒரே பிரசங்கம்தான். அதனால் அம்மாவை ஏமாற்ற முடியாது.

அண்ணன் எல்லா வாரமும் ஒரே பதிலைச் சொல்வான். “எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு சொன்னாக.” அது முக்கால்வாசி வாரம் சரியாகவும் இருந்தது. நான் அப்படி இல்லை. சாமியார் சொன்ன கதை என்ன, எதற்காகச் சொன்னார், கடைசியில் நம்மை என்ன செய்யச் சொன்னார் என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வேன். கோயிலில் நோட்டு ஏது, பேனா ஏது. ஒரு பீஸ் கறிக்காக நான் பழகிய வித்தை அது.

பள்ளிக்கூடம் அந்த வித்தையை மறக்கடித்தது. ஆஸ்பத்திரி வேறு பெயரில் அதைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே அதற்குப் பெயர் ஓவர்.

நர்ஸ் வேலை தெரியாதவர்களுக்கு ஓவர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டூட்டி முடிந்து போகிறவள், அடுத்து வருகிறவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போவாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று சொல்வாள். இவுக யாரு, என்ன தொந்தரவுன்னு வந்தாக, இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கு, இனிமே நீ என்ன பண்ணணும். வருகிறவள் கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் அரையும் குறையுமாகக் குறித்துக்கொள்வாள். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடுவாள். செய்யாமல் மிச்சம் இருப்பது பெண்டிங். அதை எடுத்துக்கொண்டவள் முடிக்க வேண்டும்.

இதில் மீறவே கூடாத ஒரு விதி உண்டு. வீட்டில் என்ன அவசரம் இருந்தாலும் சரி, ஓவர் கொடுக்காமல் வார்டை விட்டுப் போகக் கூடாது.

மாத்திரைப் பெட்டியின் பின்பக்கம்

நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்த மறுநாள் காலை, தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்த பிறகுதான் கை லேசாக இருப்பது தெரிந்தது. பெரிய நோட்டு பஸ்ஸிலேயே போய்விட்டது. திரும்பி ஓடத் தோன்றவில்லை. இனி அது எதற்கு என்று நினைத்தேன்.

கல்லூரியில் பிரின்சிபால் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள். அந்த நேரம் பார்த்து போனில் நூர்ஜகானின் குரல் செய்தி வந்தது.

“அக்கா, பையனுக்கு ராத்திரியிலருந்து காய்ச்ச. நான் வரல. இன்னைக்கு மேடம் ஹார்ட் ஃபெயிலியர் எடுக்காக. இன்டர்னல்ல கட்டாயம் வரும்னு சொல்லிருக்காக. நீங்க நிப்பாட்டுறதா இருந்தா நிப்பாட்டுங்க. எனக்கு ஓவர் குடுத்துட்டு நிப்பாட்டுங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. போகிறவளைக்கூட நிம்மதியாகப் போகவிடாமல் ஒரு வேலை. ஆனாலும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஓவர் என்று சொல்லிவிட்டாள், என்ன செய்வது.

எழுதப் பையில் கிடந்தது ஒரு வெற்று மாத்திரைப் பெட்டிதான். மாமியாரின் பிரஷர் மாத்திரை. அதைக் கிழித்து விரித்துப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தேன். அதில் ஜெஸ்ஸி மேடம் சொல்வதையெல்லாம் எழுத இடம் ஏது. அதனால் எழுதவில்லை. அந்த வகுப்பில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

பார்த்த பிறகுதான் எத்தனையோ விஷயம் தெரிந்தது. மேடம் எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை. முதலில் புத்தகத்து ஆங்கிலத்தில் சொல்வார். பிறகு அதையே சாதாரண ஆங்கிலத்தில் சொல்வார். அப்புறம் ஒரு நோயாளியின் கதையாகச் சொல்வார். மூன்றும் ஒன்றுதான். நான் இத்தனை நாளும் முதலாவதை எழுதிக்கொண்டிருந்து மற்ற இரண்டையும் கோட்டை விட்டிருக்கிறேன். மூன்றாவதாக வருகிற கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. அது என் வார்டில் தினமும் நடக்கிற கதை.

இன்னொன்றும் கவனித்தேன். ‘நவ்’ என்று அவர் இழுத்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பப் போகிறது என்று அர்த்தம். ‘பட்’ என்றால் இதுவரை சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று வரப்போகிறது. விரல் நீட்டினால் எத்தனை விரலோ அத்தனை விஷயம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டால் அது பரீட்சையில் வரும்.

மாத்திரைப் பெட்டியில் ஓவருக்குக் குறிப்பதுபோல் குறித்தேன். யாருக்கு வரும். ஏன் வரும். இடது பக்கம் கெட்டால் மூச்சு, வலது பக்கம் கெட்டால் கால் வீக்கம். என்ன செய்ய. எதைப் பார்த்துக்கொண்டே இருக்க. சில இடத்தில் தமிழ், சில இடத்தில் ஆங்கிலம், சில இடத்தில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. நடுநடுவே மேடம் பேசியது காற்றோடு போகத்தான் செய்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். வார்டில் அப்படித்தானே செய்கிறோம்.

வகுப்பு முடிந்தது. கேட்டதெல்லாம் சிந்திவிடக் கூடாது என்று யாரிடமும் பேசாமல் நடந்தேன். பிரின்சிபால் அறையைத் தாண்டித்தான் போனேன். கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போதுதான், அடடா, அவரைப் பார்த்து நிறுத்துகிறேன் என்று சொல்ல வந்தோமே என்று உறைத்தது.

கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நூர்ஜகான் வீட்டில் பையன் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் தலைமாட்டில் நின்றாள். நாங்களாகத் திட்டமிட்டு நிற்கவில்லை, கால் தானாகப் போய் அங்கே நின்றது.

“சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். தமிழும் ஆங்கிலமுமாக, பெட்டியைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னேன். அவள் சும்மா கேட்கிற ஆளா?

“படுத்தா ஏன்க்கா மூச்சு முட்டுது?”

“கால்ல நிக்கிற தண்ணி படுக்கும்போது மேல ஏறுது. பலகீனமான பம்பு, அது தாங்காது. நுரையீரல்ல தேங்கிருது. அதுனாலதான் தலமாட்ட ஏத்தி வைக்கச் சொல்றாக.”

“இத மேடம் சொன்னாகளா, நீங்களா சொல்றீகளா?”

“பம்புன்னது மேடம். மத்தது ரெண்டு பேரும்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குள் அப்போது நடந்ததை எப்படிச் சொல்ல. இந்த நோயை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இந்த நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் நின்று பேசிய ஒரு மணி நேரத்தை முழுசாகக் கேட்டு, வேறொருத்திக்கு என் வாயால் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

“கடைசியா,” என்று தொடர்ந்தேன், “இவுகள்லாம் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டு மறுபடியும் மறுபடியும் அட்மிட் ஆகுறாகள்ல, அதுக்கு மூணு காரணம்னு மேடம் மூணு விரல் காட்டுனாக. ஒண்ணு, மாத்திரைய நிப்பாட்டிருறாக. ரெண்டு, உப்பக் கொறைக்கிறதில்ல.”

“மூணாவது?”

“அப்பப் பாத்து பெல் அடிச்சிருச்சு. கேக்கல.”

“அப்ப அது பெண்டிங்” என்றாள்.

“ஆமா, பெண்டிங்.”

அவள் பையனின் நெற்றித் துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“சரிக்கா. ஓவர் எடுத்துக்கிட்டேன். இவன எங்கம்மா பாத்துக்கிறாக, நாளைக்கு நான் வந்துருவேன். நாளைக்குப் பாடத்த நான் கேக்குறேன். ஆனா நீங்க வரலன்னா நான் யாருக்கு ஓவர் குடுக்க?”

நான் மாத்திரைப் பெட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். “ஏழே முக்கால் பஸ்ஸுக்கு வந்துரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனேன். மினி பஸ்ஸில் ஒரு பெரியவர், “என்னத்தா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறியா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

எந்தப் பாஷை?

மறுநாள் பஸ்ஸில், முந்தின நாள் காலையில் இருந்த அதே கண்டக்டர். கையில் என் நோட்டு. யாருடையது என்று பார்க்கத் திறந்திருக்கிறார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீக. இது எந்தப் பாஷை? தமிழ் எழுத்துதான். வாசிச்சா தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. எங்க டிரைவர் அண்ணன் கேரளாப் பக்கம் குமுளில பத்து வருசம் ஓட்டுனவரு. அவருக்கே தெரியல.”

நூர்ஜகான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “இத இனிமே யாரும் பேச மாட்டாக” என்று நான் நோட்டை வாங்கிக்கொண்டேன். அதன் பின்பக்கத் தாள்களில் என் மகள் ரொம்ப நாள் கணக்குப் போட்டாள்.

வகுப்பு தொடங்கியதும் நான் கையைத் தூக்கி எழுந்து நின்றேன். மேடம் ஆச்சரியமாகப் பார்த்தார். “மேடம், தர்டு ரீசன்?” என்றேன். அந்த வகுப்பில் நான் வாயைத் திறந்து பேசிய முதல் ஆங்கிலம் அந்த இரண்டு வார்த்தைதான்.

மேடம் புரிந்துகொண்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார். நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு வார்த்தையும் தப்பாமல் எனக்குப் புரிந்தது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது, அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி நாம் சொல்லி அனுப்புவதில்லை. அதுதான் மூன்றாவது காரணம்.

நூர்ஜகான் பெஞ்சுக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உங்களைக் காத்திருக்க வைத்து முடிவைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த இன்டர்னலில் இரண்டு பேரும் பாஸ். ஹார்ட் ஃபெயிலியர் கேள்வி வந்தது. பாடத்தை நேரில் கேட்ட என்னைவிட, என்னிடம் ஓவர் எடுத்த அவளுக்கு ஒரு மார்க் அதிகம். “குடுத்தவுக நல்லாக் குடுத்தாக” என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வீட்டுக்காரர் மறுபடியும் சாமியாரிடம் போகக் கிளம்பினார். முதலில் நான் பட்டம் வாங்குகிறேன், அதுவரை ஆண்டவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பிடித்து உட்கார வைத்தேன்.

ஆனால் எனக்கு அந்த மார்க்கைவிட, மூன்றாவது காரணம் தெரிந்த நாளின் சாயங்காலம்தான் நன்றாக நினைவிருக்கிறது. பஸ் சின்னமனூர் தாண்டியிருந்தது. மேகமலை உச்சி கண்ணுக்கே தெரியாதபடி மேகம் மூடியிருந்தது. நூர்ஜகான் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அன்றைய பாடத்துக்கு ஓவர் கொடுக்கத் தொடங்கினாள்.

அதே வகுப்பில், அவள் பக்கத்தில்தான், நானும் உட்கார்ந்து கேட்டிருந்தேன். இருந்தாலும் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டு எடுத்துக்கொண்டேன்.